வயதான, விலை உயர்ந்த பிட்சரை வாங்கலாமா? ஒரு டிரேடை எடை போடும் முழுமையான வழிகாட்டி

ஜூலை மாதம் பாதி தாண்டிவிட்டால் அமெரிக்க பேஸ்பாலில் டிரேட், அதாவது அணிகள் தங்களுக்குள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்வது, தவிர வேறு பேச்சே இருக்காது. தோற்றுக்கொண்டிருக்கும் ஏதாவது ஓர் அணியில், 35ஐத் தொட்டுவிட்ட பெரிய பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவர் இருப்பார். வருடச் சம்பளம் 3 கோடி டாலர், சில சமயம் 4 கோடி. ஒப்பந்தம் இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஓடும். அவரை நம் அணி வாங்கலாமா? ரசிகர்களில் பாதிப் பேர் "என்ன கேட்டாலும் கொடுத்துத் தூக்கிட்டு வாங்க" என்பார்கள். மீதிப் பேர் "ஓய்ந்துபோன கைக்கு இவ்வளவு பணமா?" என்பார்கள். இரு தரப்பும் பெயரையும் சம்பளத்தையும் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாகப் பார்ப்பதால்தான் இந்தச் சண்டை தீர்வதே இல்லை.

என் பார்வையில் இதற்குள் இரண்டு வியாபாரங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தக் கையை வாங்குவது. மற்றொன்று, அந்தக் கையோடு வரும் ஒப்பந்தத்தைச் சுமப்பது. இரண்டுக்கும் தனித்தனியாக விலை போட்டுவிட்டுக் கடைசியில் கூட்டினால் பதில் பெரும்பாலும் தானாக வந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு இரண்டு பேர் போதும்: இரண்டு முறை ஹூஸ்டன் அஸ்ட்ரோஸுக்கு டிரேட் செய்யப்பட்ட ஜஸ்டின் வெர்லாண்டர், 2023இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போன மேக்ஸ் ஷெர்சர்.

படி 1: அணி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பிட்சரைப் பார்ப்பதற்கு முன் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். ஒரு ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர், ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் பந்து வீசுவார். 162 ஆட்டங்களில் அவருக்கு 32 ஸ்டார்ட் கிடைத்தாலே பெரிது. ஜூலை கடைசியில் வாங்கினால் மிச்சம் இருப்பது பத்து, பதினொன்றுதான். ஆனால் அக்டோபர் பிளேஆஃபில் நிலைமை மாறுகிறது. நடுவில் ஓய்வு நாட்கள் வருவதால், ஏழு ஆட்டத் தொடரில் ஒரே பிட்சர் இரண்டு ஆட்டம் வீசலாம். ஆகவே அவருடைய மதிப்பில் பெரும்பகுதி அக்டோபரில் இருக்கிறது. அக்டோபருக்கே போகாத அணிக்கு அந்த மதிப்பு கையில் வராது.

இதற்கு இரண்டு முகம் உண்டு. 2017இல் அஸ்ட்ரோஸ் தங்கள் டிவிஷனை (லீகுக்குள் ஐந்து அணிகள் கொண்ட பிரிவு) இரண்டாம் இடத்தைவிட 21 ஆட்டம் அதிகமாக ஜெயித்து முடித்தார்கள். டிவிஷனை வெல்ல வெர்லாண்டர் தேவையே இல்லை. அவரை முழுக்க முழுக்க அக்டோபருக்காக வாங்கினார்கள். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் யாங்கீஸுக்கு எதிராக 124 பந்து வீசி, 13 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரைப் பந்தை அடிக்க விடாமலே அவுட் ஆக்குவது) எடுத்து, முழு ஆட்டத்தையும் அவரே முடித்தார். 2-1 வெற்றி. ஆறாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது), ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. தொடர் நாயகன் விருதும் அவருக்கே.

2023இல் கதை நேர்மாறு. அஸ்ட்ரோஸும் ரேஞ்சர்ஸும் ஆளுக்கு 90 வெற்றியோடு சமமாக முடித்தார்கள். இரு அணிகளும் மோதிய ஆட்டங்களின் கணக்கை வைத்து டிவிஷன் ஹூஸ்டனுக்குப் போனது. இடையில் நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டு ஆகஸ்டில் திரும்பி வந்த வெர்லாண்டர் 11 ஸ்டார்ட்டில் 7 வெற்றி கொடுத்திருந்தார். அதில் ஒன்று குறைந்திருந்தால் டிவிஷன் கை மாறியிருக்கும்.

உங்கள் அணி இந்த இரண்டு நிலைகளில் ஒன்றில் இருந்தால் மேலே படியுங்கள். ஆறேழு ஆட்டம் பின்தங்கி, நான்கு அணிகளைத் தாண்ட வேண்டிய நிலையில் இருந்தால் இந்த வியாபாரமே வேண்டாம்.

படி 2: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

பேஸ்பால் ஒப்பந்தத்தில் எழுதிய பணம் முழுவதும் உறுதியான பணம். கை உடைந்து இரண்டு வருடம் உட்கார்ந்தாலும் சம்பளம் வந்துகொண்டே இருக்கும். ஐபிஎல் போல அணிக்கு இவ்வளவுதான் பர்ஸ் என்ற உச்சவரம்பும் இல்லை. அதற்குப் பதிலாக ஆடம்பர வரி இருக்கிறது. அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பாட்ராக் போன்ற தளங்களில் பெரும்பாலான விவரம் கிடைக்கும்.

இந்த வருடச் சம்பளத்தில் மிச்சம் எவ்வளவு என்பது முதல் வரி. சம்பளம் நாள் கணக்கில் போவதால், ஜூலை கடைசியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாக்கி இருக்கும். அடுத்து வரும் வருடங்கள் இரண்டாவது வரி. மூன்றாவது, ஆப்ஷன்கள், அதாவது ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டுவதா என்று முடிவு செய்யும் உரிமை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆப்ஷன் அணியின் கையில் இருந்தால் நல்லது. வீரரின் கையில் இருந்தால் அது உங்கள் தலையில் இருக்கும் சுமை. கை நன்றாக இருந்தால் அவர் வெளியேறிவிடுவார், கெட்டுப்போனால் உங்களோடு தங்கிவிடுவார். இத்தனை இன்னிங்ஸ் வீசினால் அல்லது விருது வாக்கெடுப்பில் இந்த இடத்துக்குள் வந்தால் தானாகவே ஒரு வருடம் கூடும் என்ற நிபந்தனை ஆப்ஷனும் உண்டு.

வெர்லாண்டரின் 2017 கணக்கு இப்படி இருந்தது: 2018க்கும் 2019க்கும் தலா 2.8 கோடி டாலர். 2019 சை யங் விருது (லீகின் சிறந்த பிட்சருக்கானது) வாக்கெடுப்பில் முதல் ஐந்துக்குள் வந்தால் 2020க்கு இன்னொரு 2.2 கோடி. அப்போது அவருக்கு வயது 34.

அப்புறம் வரி. 2023இல் வரம்பு 23.3 கோடி டாலர். சம்பளப் பட்டியல் அதைத் தாண்டினால், முதல் முறை தாண்டும் அணிக்கு 20 சதவீதம், அடுத்த வருடமும் தாண்டினால் 30, மூன்றாம் வருடத்திலிருந்து 50. ரொம்பவும் மேலே போனால் அதற்கு மேல் தனிக் கூடுதல் வரி. அந்த வருடம் நியூயார்க் மெட்ஸ் 29.3 கோடியைத் தாண்டிச் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 90 சென்ட் வரி கட்ட வேண்டிய நிலையில் இருந்தது. ஆகவே "சம்பளம் 4 கோடி" என்பது எல்லா அணிக்கும் ஒரே 4 கோடி இல்லை. வாங்கும் அணி எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது 4 ஆகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம்.

படி 3: கையை மட்டும் பாருங்கள்

இப்போது சம்பளத்தை மறந்துவிடுங்கள். இவர் இலவசமாக வருகிறார் என்று வைத்துக்கொண்டு, அடுத்த ஒன்றரை வருடத்தில் என்ன தருவார் என்று மட்டும் கேளுங்கள்.

ஈஆர்ஏவை, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் சராசரியாகக் கொடுக்கும் ரன்னை (குறைந்தால் நல்லது), முதலில் பார்க்காதீர்கள். அதில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் திறமையும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது ஃபாஸ்ட்பாலின் வேகம். பேஸ்பால் சாவன்ட் தளத்தில் மாதவாரியாக இருக்கிறது. இந்த வருட ஏப்ரலை இந்த வருட ஜூலையோடு ஒப்பிடுங்கள். சென்ற வருட ஜூலையோடும் ஒப்பிடுங்கள். வயதான பிட்சருக்கு வேகம் ஒரு மைல் குறைவது இயல்பு. ஒரே சீசனுக்குள் இரண்டு மைல் குறைந்தால் கையிலோ தோளிலோ ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது, ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) சதவீதத்தைக் கழித்து வரும் எண். ஒரு பிட்சரைப் பற்றி ஒரே ஒரு எண்தான் தருவேன் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். பேட்டர் பந்தைத் தொடுவதற்கு முன்பே பிட்சர் தன்னந்தனியாகச் செய்யும் வேலை அதில் தெரிகிறது.

பிறகு, இதற்கு முன் ஏன் விழுந்தார், எப்படி எழுந்தார் என்று தேடுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெர்லாண்டர் 2014 ஜனவரியில் இடுப்புப் பகுதித் தசையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த வருட ஈஆர்ஏ 4.54. 2015 சீசனின் தொடக்கத்தில் கைத் தசைக் காயத்தால் ஆடவில்லை. "அவ்வளவுதான், முடிந்துவிட்டார்" என்று பலர் எழுதினார்கள். ஆனால் விழுந்ததற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. குணமாகக்கூடிய ஒரு காயம் இருந்தது. 2016இல் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். 2017இல் அவருடைய பழைய அணியான டெட்ராய்ட்டில் ஈஆர்ஏ 3.82, சாதாரணம்தான். ஆனால் வேகம் மணிக்கு 95 மைல் அளவில் திரும்பியிருந்தது. ஈஆர்ஏவை மட்டும் பார்த்தவர்கள் விலகிப் போனார்கள். ஹூஸ்டன் அதிவேகக் கேமராப் படங்களைக் காட்டி, ஸ்லைடர் என்ற அவருடைய விலகும் பந்தைச் சீர்செய்ய உதவியது. வந்தபின் ஐந்து ஸ்டார்ட்டில் 5 வெற்றி, ஈஆர்ஏ 1.06. வாங்கும் அணியிடம் அவருக்குக் கற்றுக்கொடுக்கப் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி மிக முக்கியமானது என்பது என் கருத்து. ஒன்றும் இல்லையென்றால், இப்போது தெரியும் எண்களுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

2017 அஸ்ட்ரோஸ் பேட்டர்கள் எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடியது பின்னால் அம்பலமாகி, 2020இல் தண்டனையும் வந்தது. அந்த வருடம் அவர்கள் வென்ற கோப்பை மேல் அந்தக் கறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பேட்டிங் பக்கத்து விவகாரம். வெர்லாண்டரின் பந்துவீச்சை மதிப்பிடுவதில் அதற்கு இடமில்லை.

காயப் பட்டியலைப் படிக்கும்போது, முன்கைத் தசைப்பிடிப்பு என்று இருந்தால் முழங்கைத் தசைநாருக்கான முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். 35க்கு மேல் பிட்சர்கள் மெதுவாகச் சரிவதைவிட, நன்றாக வீசிக்கொண்டே இருந்து ஒரு நாள் சட்டென்று நின்றுவிடுவதுதான் அதிகம். வெர்லாண்டர் 39 வயதில், 2022இல், ஈஆர்ஏ 1.75 வைத்து சை யங் வென்றார். 41 வயதில், 2024இல், 17 ஸ்டார்ட்டில் ஈஆர்ஏ 5.48. நடுவில் இருப்பது இரண்டே வருடம்.

படி 4: கூட்டல் கழித்தல்

ஒரு கற்பனைப் பிட்சரை வைத்துக் கணக்குப் போடுவோம். வயது 36. சம்பளம் வருடத்துக்கு 3 கோடி டாலர். ஜூலை கடைசியில் வாங்குகிறோம். அடுத்த வருடமும் ஒப்பந்தம் உண்டு. பாக்கிப் பணம்: இந்த வருடம் 1 கோடி, அடுத்த வருடம் 3 கோடி, ஆக 4 கோடி.

இனி கையின் மதிப்பு. இதற்கு "வார்" என்ற அளவைப் பயன்படுத்தலாம். இளம் வீரர்கள் வளரும் கீழ்நிலையான மைனர் லீகிலிருந்து சுலபமாகக் கூட்டி வரக்கூடிய ஒரு மாற்று ஆளைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருவார் என்பதே அது. கடந்த மூன்று வருட எண்களை எடுத்து, சமீபத்திய வருடத்துக்கு 3 பங்கு, அதற்கு முந்தியதற்கு 2, அதற்கும் முந்தியதற்கு 1 என்று எடை கொடுத்துச் சராசரி பாருங்கள். அதிலிருந்து வயதுக்காகவும் காயத்துக்காகவும் கொஞ்சம் கழியுங்கள். நம் ஆளுக்கு இந்த வருட மிச்சத்தில் 1, அடுத்த வருடம் 2 என்று வருகிறது, மொத்தம் 3. சந்தையில் ஒரு வெற்றியின் விலை 90 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 80 லட்சத்திலிருந்து 1 கோடி வரை ஆளுக்கு ஆள் வேறு எண் வைப்பார்கள். எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆக, கையின் மதிப்பு 2.7 கோடி.

2.7 கோடிப் பொருளுக்கு 4 கோடி கட்ட வேண்டும். 1.3 கோடி நஷ்டம். விற்கும் அணி பணம் ஏதும் தராவிட்டால், இவருக்காக ஒரு இளம் வீரரைக்கூடக் கொடுக்கக் கூடாது.

விற்கும் அணி 2 கோடியைத் தானே ஏற்றுக்கொண்டால்? நாம் கட்டுவது 2 கோடி, கிடைப்பது 2.7. லாபம் 70 லட்சம். அதற்கு ஈடாக ஒரு சுமாரான இளம் வீரரைக் கொடுக்கலாம். விற்கும் அணி 4 கோடியையும் ஏற்றுக்கொண்டால், 2.7 கோடி மதிப்புள்ள நல்ல இளம் வீரர் ஒருவரைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒப்பீட்டுக்கு: புள்ளிவிவரத் தளமான ஃபேன்கிராஃப்ஸ் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 20 முதல் 80 வரையிலான அளவில் 50 மதிப்பெண் வாங்கிய மைனர் லீக் வீரரின் விலை 2 கோடி டாலருக்கு மேல், 45 மதிப்பெண்காரர் 1 கோடிக்குக் கீழ்.

இதே டிரேடை 50 சதவீத வரி கட்டும் அணி செய்தால்? 2 கோடியோடு 1 கோடி வரி சேர்ந்து 3 கோடி. கிடைப்பது 2.7. ஒரு அணிக்கு லாபமாக இருக்கும் அதே பேரம் இன்னொரு அணிக்கு நஷ்டம். "அவங்க வாங்கினாங்களே, நாம ஏன் வாங்கலை?" என்று கேட்கும் முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

படி 1இல் பார்த்த அக்டோபர் மதிப்பைக் கடைசியில் சேருங்கள். அதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. கோப்பைக்கு உண்மையாகவே பக்கத்தில் இருக்கும் அணி, கணக்கில் வரும் லாபத்துக்கு மேல் கொஞ்சம் கொடுத்து நஷ்டப்படுவதில் தப்பில்லை என்பேன். எவ்வளவு என்பதை ஜூலைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

நிஜத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க 2023 மெட்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை. ஷெர்சர், வெர்லாண்டர் இருவருக்கும் வருடத்துக்கு 4.33 கோடி டாலர். அணி தோற்றுக்கொண்டிருந்தது. ஷெர்சரின் பாக்கியில் ரேஞ்சர்ஸ் ஏற்றது 2.25 கோடி, மிச்சத்தை, 3.5 கோடிக்கும் மேல், மெட்ஸ் கட்டியது. பதிலுக்கு வந்தவர் லூயிஸ்ஆங்கல் அக்கூன்யா, ரேஞ்சர்ஸின் முன்னணி இளம் வீரர்களில் ஒருவர். வெர்லாண்டருக்கும் அதேபோல் சுமார் 3.5 கோடியைக் கொடுத்து, ட்ரூ கில்பர்ட், ரையன் கிளிஃபோர்ட் என்ற இரு இளைஞர்களை வாங்கினார்கள். மெட்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் பணக்காரர். அந்தப் பணத்தை அவர் இளம் வீரர்களாக மாற்றிக்கொண்டார். 2017இல் வெர்லாண்டருக்காக டெட்ராய்ட் ஏற்றுக்கொண்டது வருடத்துக்கு 80 லட்சம், இரண்டு வருடத்துக்கு 1.6 கோடி.

படி 5: யாரைக் கொடுப்பது

ஹூஸ்டன் 2017இல் கொடுத்தது மூன்று பேரை: பிட்சர் ஃபிராங்க்ளின் பெரெஸ், அவுட்ஃபீல்டர் டாஸ் கேமரன், கேட்சர் ஜேக் ராஜர்ஸ். அன்று பெரிய பெயர் பெரெஸ்தான். 19 வயதிலேயே டபுள்-ஏ (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே) வரை வந்தவர். காயம் மேல் காயம் வந்து மேஜர் லீக் மேடையையே பார்க்கவில்லை. டெட்ராய்ட்டுக்குக் கடைசியில் நிலைத்துப் பயன்பட்டவர் ராஜர்ஸ். கைல் டக்கரை ஹூஸ்டன் கொடுக்கவில்லை. அவர் பிறகு நட்சத்திரமானார்.

கொடுக்கும் பக்கத்துக்கு நான் சொல்வது: உங்களிடம் மிகுதியாக இருக்கும் இடத்திலிருந்து கொடுங்கள், மைனர் லீக் பிட்சரைக் கொடுக்க ரொம்பத் தயங்காதீர்கள், உங்களின் மிகச் சிறந்த இளம் பேட்டரைத் தொடாதீர்கள். இளம் வீரர்களை வாங்கிக்கொள்ளும் பக்கத்துக்கு: 19 வயதுப் பிட்சரின் கையும் உடையக்கூடிய கைதான்.

இதற்கு எதிராக எல்லோரும் எடுத்துக் காட்டுவது 1987. டெட்ராய்ட் டைகர்ஸ் 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்க, மைனர் லீகில் இருந்த ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் 11 ஸ்டார்ட்டில் 9 வெற்றி, தோல்வியே இல்லை, ஈஆர்ஏ 1.53. டெட்ராய்ட் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டிவிஷனை வென்றது. பிளேஆஃபில் அவர் இரண்டு ஸ்டார்ட்டிலும் தோற்றார். ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றியும் 154 சேவும் (முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் காத்து முடிப்பது) எடுத்து 2015இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். இதை முட்டாள்தனம் என்று திட்டுவதை நான் ஏற்கவில்லை. அலெக்சாண்டர் இல்லாமல் அந்த டிவிஷன் கிடைத்திருக்காது. விலைதான் மிகப் பெரிதாகிவிட்டது. அந்த விலை அன்று யாருக்கும் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

படி 6: வீரரின் சம்மதம்

மேஜர் லீகில் பத்து வருடம், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் என்றால், எந்த டிரேடையும் மறுக்கும் உரிமை வீரருக்கு உண்டு. ஒப்பந்தத்திலேயே தடை வாங்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 31 இரவு வெர்லாண்டர் சரி என்று சொன்னபோது கெடு முடியச் சில நொடிகள்தான் இருந்தன. 2020 ஆப்ஷனையும் விட்டுக்கொடுத்தார். ஷெர்சர் தன் பங்குக்கு, வெளியேறும் உரிமையைப் பயன்படுத்தாமல் 2024க்கும் தங்குவதாக ஒப்புக்கொண்டார்.

இவை எல்லாம் பணம்தான். ஆப்ஷன் போனால் உங்கள் தாளில் ஒரு வரி அழிகிறது, வந்தால் ஒரு வரி கூடுகிறது. அதனால் வீரரின் முகவரோடு பேச்சைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். 2019 முதல் ஆகஸ்டில் டிரேட் செய்யும் பழைய வழியும் அடைக்கப்பட்டுவிட்டது. ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாக்கில் வரும் ஒரே கெடுதான். மருத்துவ அறிக்கைகளை உங்கள் மருத்துவர் படித்து முடிக்கவும் நேரம் வேண்டும்.

படி 7: அவரை விட்டால் வேறு யார்

2023இல் ரேஞ்சர்ஸ் ஷெர்சரோடு நிற்கவில்லை. அதே நாட்களில் செயின்ட் லூயிஸிடமிருந்து 30 வயது ஜோர்டன் மான்ட்கோமரியையும் வாங்கினார்கள். சம்பளம் 1 கோடிதான், சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. செப்டம்பரில் ஷெர்சரின் தோள் பக்கத்துத் தசையில் காயம் பட்டது. திரும்பி வந்தும், கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸோடு முதுகுவலியால் வெளியேறினார். அந்த அக்டோபரில் பாரத்தை இழுத்தவர்களில் மான்ட்கோமரி முக்கியமானவர். ரேஞ்சர்ஸ் தன் முதல் கோப்பையை வென்றது. ஷெர்சர் 2024இல் ஒன்பது ஸ்டார்ட்தான் ஆடினார். ஆகவே பெரிய பெயரின் கணக்குக்குப் பக்கத்திலேயே, சீசனோடு முடியும் சாதாரண பிட்சர் ஒருவரின் கணக்கையும் எழுதுங்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் சாதாரணமானவரையே எடுங்கள். அணி தாங்கும் என்றால் இரண்டு பேரையும் எடுங்கள்.

படி 8: வாங்கியபின்

நிபந்தனை ஆப்ஷன் இருந்தால், வாங்கிய மறுநாளே அதை மேலாளருக்கும் பிட்சிங் பயிற்சியாளருக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். வெர்லாண்டர் 2023இல் திரும்பி வந்தபோது, 2024இல் 140 இன்னிங்ஸ் வீசினால் 2025க்கு 3.5 கோடி டாலர் ஆப்ஷன் அவருக்குக் கிடைக்கும் என்றிருந்தது. கிடைத்தால் அதில் பாதியை மெட்ஸ் தரும். காயத்தால் அவர் 90 இன்னிங்ஸோடு நின்றார், அதனால் கேள்வியே எழவில்லை. ஆனால் ஒருவர் 130இல் நிற்கும்போது, கை கொஞ்சம் வலிக்கிறது என்று சொல்லும்போது, ஓய்வு கொடுப்பது யார்? பணத்துக்காக உட்கார வைத்தார்கள் என்று அவர் நினைத்தால் உடைமாற்றும் அறையே கெடும். வலியோடு வீச விட்டால் கை போகும். இந்த முடிவை எடுக்கும் பொறுப்பை முதலிலேயே மருத்துவக் குழுவிடம் கொடுத்து, வீரரும் முகவரும் இருக்கும்போதே அதைப் பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.